கடல் போத்தல்

இராமலெட்சுமி எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று இதுவரை நான்கு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இரண்டே பக்கம்தான். ஒன்று மரைன் டிரைவ் வீதி, மற்றது கடல். கேட்ட நான்கு பேரில் மூன்று பேருக்கு ஒரே பதிலைச் சொன்னேன். அது பொய். பொய் என்று அந்த மூவரில் இரண்டு பேருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்கள்.

என் பெயர் துஷ்யந்தி. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாமன்கடைக்கு வருகிறேன். அங்கே கால்வாய்க் கரையில் இராஜநாயகம் முதலாளியின் போத்தல் ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தகரக் கூரை, ஒரு தராசு, போத்தல்களை அமுக்கிக் கட்டுகிற ஒரு மெஷின், அவ்வளவுதான். தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் போத்தல் பொறுக்கிக் கொண்டுவருகிற பெண்கள் பதினொரு பேர். நான் பொறுக்குவதில்லை. எனக்கு ஓ.எல். சோதனை பாஸ், இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதால் முதலாளி என் கையில் ஒரு போனைக் கொடுத்து வைத்திருக்கிறார். அந்தப் போனால் வந்த வினைதான் இவ்வளவும்.

இராமலெட்சுமி அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. மஸ்கெலியாப் பக்கம். பதினாறு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவள், பிறகு திரும்பிப் போகவே இல்லை. கட்டியவன் எங்கோ போய்விட்டான். கிருலப்பனையில் பலகை வீடொன்றில் மகள் ரதியோடு இருந்தாள். வாயாடி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். போன் வைத்திருக்கிறவள் எல்லாருக்கும் அக்காதான் என்பாள்.

அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போத்தலின் மூடியைத் திறந்த பிறகும் கழுத்தில் ஒரு சின்ன வளையம் தங்கிவிடும். அது வேறு சாதிப் பிளாஸ்டிக். போத்தலோடு சேர்ந்து அரைபட்டால் அந்த மூட்டை முழுதும் பழுது. அதனால் தராசில் நிறுத்த பிறகு பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து, வளைந்த கத்தியால் வளையத்தை வெட்டி எடுப்பார்கள். இராமலெட்சுமியிடம் ஒரு போத்தலைக் கொடுத்தால் போதும். கதைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, திரும்பிப் பாராமலே வளையம் கழன்று விழும். வளையம் உள்ள போத்தலைச் சும்மா கையில் வைத்திருக்க அவளால் முடியாது. குடிக்க வாங்கிய சோடாப் போத்தலில்கூட முதலில் வளையத்தை வெட்டிவிட்டுத்தான் குடிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்டோர் மூடுகிற நிலைக்கு வந்தது. உலகத்தில் எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும். புதியது மலிவாகக் கிடைக்கும்போது பழையதை உருக்க எவன் வாங்குவான்? கூரை முட்டப் போத்தல் கிடந்தது, ஏற்ற லொறி வரவில்லை. அப்போதுதான் ‘நீலக் கரை’ என்ற திட்டக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டில் ஷாம்பு விற்கிற ஒரு கம்பனிக்குப் பழைய போத்தல் வேண்டும், ஆனால் சும்மா பழைய போத்தல் கூடாது, கடலில் கிடந்த போத்தலாக இருக்க வேண்டும். கடலிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கால் செய்தது என்று ஒட்டினால் அங்கே சனங்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்களாம். கிருலப்பனைச் சாக்கடைக் கானில் கிடக்கும்போது அது குப்பை. அதே போத்தல் கடல் தண்ணீரில் கிடந்தால் புண்ணியம். வெள்ளைக்காரனுக்குப் புண்ணியம் வேண்டுமென்றால் நாங்கள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம்?

பெண்கள் எல்லாரையும் ‘கடல் காவலர்’ என்று பதிந்து, ஆளுக்கொரு கார்ட் கொடுத்தார்கள். மாதத்துக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு. ஒவ்வொரு மூட்டையையும் அலைக்கரையில் வைத்து, பின்னேரம் ஐந்து மணிக்கு முன் நான் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எடுத்த இடமும் நேரமும் தானாகவே அதில் பதியும். மூன்று மாதம் மூட்டை குறைந்தால் கார்டை வெட்டிவிடுவார்கள்.

இராமலெட்சுமிக்கு அந்தக் கார்ட் உயிர். காரணம் ரதி. கார்ட் வைத்திருக்கிறவரின் பிள்ளைக்கு பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை ஏ.எல். முடியும் வரை படிப்புச் செலவு முழுவதையும் திட்டம் பார்க்கும். ரதி கொமர்ஸ் படித்தாள், டியூஷன் மூன்று பாடத்துக்கு. ஒருநாள் ஸ்டோருக்கு வந்தவள், பொருளியல் கொப்பியைத் திறந்து வாங்குகிறவன் கேட்பது கேள்வி, விற்கிறவன் கொடுப்பது நிரம்பல் என்று இரண்டு கோடு கீறிக் காட்டினாள். கேள்வி கூடினால் விலை கூடும், விலை கூடினால் நிரம்பலும் கூடும் என்றாள். பெண்கள் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

“அப்ப கடல்ல போத்தலு இல்லாட்டி எப்புடிடி கூடும்?” என்று கேட்டாள் இராமலெட்சுமி.

“புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு” என்றாள் ரதி. எல்லாரும் சிரித்தோம்.

கேட்டது சரியான விஷயம்தான். மழைக்காலத்தில் கால்வாய்கள் நிரம்பி ஓடி, கடல் எல்லாவற்றையும் திருப்பிக் கரையில் துப்பும். அப்போது மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. இந்த முறை மார்கழி பிறந்ததும் கடல் நல்ல பிள்ளையாகிவிட்டது. கரையில் தேங்காய் மட்டையும் ஒற்றைச் செருப்பும்தான். இரண்டு மாதம் எல்லாருக்கும் கணக்குக் குறைந்தது. மூன்றாவது மாதம் பாதி போனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, போத்தல் வாயைத் திறந்து சொல்லுமோ, தான் எங்க கிடந்தனான் எண்டு?”

“விளங்கேல்ல முதலாளி.”

“ஸ்டோரில கிடக்கிறதைக் கொண்டுபோய் அலையில ஒருக்கா முக்கி எடுத்தா, அது கடல்ல இருந்து எடுத்ததுதானே?”

நான் சிரித்தேன். யோசனை அவருடையது. ஆனால் மூட்டையை முதலில் முக்கிக் காட்டி, எப்படி மணல் ஒட்ட வைப்பது, எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் வீதி தெரியாது என்றெல்லாம் கண்டுபிடித்தது நான். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் நெருப்பை வைக்க.

அன்றிலிருந்து போத்தல்கள் பாமன்கடையிலிருந்து முச்சக்கரவண்டியில் மரைன் டிரைவுக்கு வந்தன. அங்கிருந்து பெண்கள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, இரட்டைத் தண்டவாளத்தைத் தாண்டிக் கடலுக்கு வருவார்கள். உரப்பைகள் நாலைந்தைச் சேர்த்துத் தைத்த மூட்டை. பாரம் பெரிதில்லை, பருமன்தான். தலையில் வைத்து ஒரு கையால் அணைத்துப் பிடித்தால் அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது. கழுத்தையும் திருப்ப முடியாது. கடற்காற்றில் காதும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. நான் முதலில் கடந்து கடல் பக்கம் நிற்பேன். ரயில் வருகிறதா என்று நான் பார்ப்பேன். கை காட்டினால் வருவார்கள், காட்டாவிட்டால் நிற்பார்கள். அவர்கள் ரயிலைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். கடலுக்குப் போகிற போத்தலில் வளையத்தை வெட்டக் கூடாது. கடலிலிருந்து வருகிற போத்தலின் வளையத்தை எந்த மீன் வெட்டியது என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள். இராமலெட்சுமியும் தலையாட்டினாள், தலையாட்டிக்கொண்டே ஒன்றை வெட்டினாள்.

அது அந்த மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். இராமலெட்சுமிக்கு ஒரு மூட்டை குறைந்தது. அந்த ஒன்று இல்லாவிட்டால் கார்ட் போய்விடும். பெண்களில் ஜெயராணியும் இன்னொருத்தியும் முன்பே கடந்து வந்து, தங்கள் மூட்டைகளை நனைத்துப் படமும் எடுத்தாயிற்று. இவளைக் காணவில்லை. நாலரை போய், நாலே முக்காலும் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளுக்காக என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாள், நேரத்துக்கு வரத் தெரியாதா என்று ஜெயராணியிடம் கத்தினேன். நாலு ஐம்பதுக்கு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அவள் இறங்கி மூட்டையைத் தலையில் ஏற்றி, வலக்கையால் அணைத்துக்கொண்டு வேலி இடைவெளியில் வந்து நின்றாள். தூரத்திலிருந்தே சிரித்தாள்.

அப்போது கோட்டைக்குப் போகிற ரயில் வந்தது. அது என் பக்கத்துத் தண்டவாளம். வாசலில் தொங்குகிற ஆட்களோடு தடதடவென்று எனக்கும் அவளுக்கும் நடுவே போனது. கடைசிப் பெட்டி கடந்ததும் அவளைப் பார்த்தேன். அப்படியே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனில் நேரத்தைப் பார்த்தேன். நாலு ஐம்பத்திரண்டு.

கையைக் காட்டினேன். சும்மா காட்டவில்லை. கெதியா வா, கெதியா வா என்று அவசரப்படுத்தி இரண்டு மூன்று தரம் வீசினேன்.

அவளுடைய பக்கத்துத் தண்டவாளத்தில் கோட்டையிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் வந்துகொண்டிருந்தது. போன ரயில் அதை எனக்கு மறைத்துக்கொண்டு போயிருந்தது. அவளுக்கு மூட்டை மறைத்தது. அவள் இரண்டு அடி வைத்தாள்.

அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

பிறகு நான் செய்ததை எழுதியே ஆக வேண்டும். ரயில் தள்ளிப்போய் நின்றது. வீதியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவளுடைய மூட்டை கட்டு அவிழாமல் பறந்து, கடல் பக்கக் கற்களின் மேல் கிடந்தது. எல்லாரும் அவளிடம் ஓட, நான் மூட்டையிடம் ஓடினேன். அதை இழுத்துக்கொண்டு போய் அலைக்குள் தள்ளினேன். ஜெயராணி தண்டவாளத்தருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இறங்கி வந்து, மூட்டையின் மற்ற முனையைப் பிடித்து என்னோடு சேர்ந்து அமுக்கினாள்.

ரதியின் படிப்புக்காகச் செய்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அந்த நேரத்தில் உண்மையிலேயே அதைத்தான் நினைத்தேனா என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. படமும் எடுக்கப் பார்த்தேன். விரல் நனைந்திருந்ததால் போன் வேலை செய்யவில்லை. எனக்கு மிஞ்சிய மானம் அந்த ஈர விரலால் மிஞ்சியதுதான்.

பொலிஸ்காரர் வந்து என்னைத்தான் விசாரித்தார், பக்கத்தில் நின்று பார்த்தவள் என்று.

“கொய் பெத்தென்த ஆவே?” எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று சிங்களத்தில் கேட்டார். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“முஹுது பெத்தென்” என்றேன். கடல் பக்கமிருந்து.

அவர் எழுதிக்கொண்டார். ஒரு வரிதான்.

அன்றிரவே முதலாளி எனக்குப் போன் எடுத்தார். எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று அவரும் கேட்டார். அவருக்குத் தெரியாததா? நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கடல் பக்கம் என்றேன். “அதையே சொல்லும்” என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் திட்டத்தின் அதிகாரி இப்திகார் ஸ்டோருக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர், நோன்பு காலத்தில்கூட வெயிலில் நின்று மூட்டைகளை எண்ணிக் கையெழுத்து வைக்கிறவர். பொலிஸிலிருந்து வந்த அந்த மூட்டை ஒரு மூலையில் கிடந்தது. காய்ந்து, மேலே உப்புப் பூத்திருந்தது. திட்டத்தின் சட்டம் எனக்குத் தெரியும். வேலையில் இருக்கும்போது கடல் காவலர் இறந்தால் பிள்ளையின் படிப்பு நிற்காது. கள்ள வேலை செய்து அகப்பட்டால் கார்டும் இல்லை, படிப்பும் இல்லை, ஸ்டோரும் இல்லை.

இப்திகார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். ஒரு போத்தலை எடுத்தார். கழுத்தைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதன் கழுத்தையும் பார்த்தார். மூன்று, நான்கு, பத்து. எல்லாக் கழுத்தும் மொட்டை. ஒன்றில்கூட வளையம் இல்லை.

அவள் ஏன் பிந்தி வந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மூட்டைப் போத்தலுக்கும் ஒவ்வொன்றாக வளையம் வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். வெட்டாதே என்று எத்தனை தரம் சொன்னேன். கடைசி மூட்டை, மகளின் மூட்டை, அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். அதற்குத்தான் அந்த இருபது நிமிடம்.

“இவங்க எந்தப் பக்கத்தால வந்த?” என்று கேட்டார் இப்திகார், போத்தலைப் பார்த்துக்கொண்டே.

“கடல் பக்கத்தால.”

“நீங்க கண்ணால கண்ட?”

“ஓம்.”

முதலாளி மெஷினுக்குப் பின்னால் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்திகார் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இந்த ஸ்டோருக்கு ரெண்டு வருஷமா நான்தான் கையெழுத்து வெக்கிற. இந்த மூட்ட பொய்யெண்டா, இதுக்கு முன்னால போன கொண்டெய்னர் எல்லாம் பொய். அங்க வித்து முடிஞ்ச ஷாம்பும் பொய். அத ஆருக்கும் கேக்கத் தேவயில்ல.” கையிலிருந்த போத்தலை மூட்டைக்குள் போட்டார். “இத இண்டைக்கே மெஷின்ல போட்டுக் கட்டிடுங்க. நான் காணல்ல. அந்தப் புள்ளட படிப்பு நிக்காது.”

எழுந்து போய்க் கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். ரதி படிப்பாள் என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்தப் பொய்க்கு அவளுடைய அம்மாவின் பிணத்தைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறோம் என்ற அருவருப்பு மறுபக்கம். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன, எதை முதலில் சொல்வது?

மெஷின் அந்தப் போத்தல்களை ஒரு கட்டியாக அமுக்கியது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அத்தோடு முடியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் இப்திகார் ஒரு ஷாம்பு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் இராமலெட்சுமியின் படம். மழைக்காலத்தில், நிஜமாகவே கடலில் கிடைத்த மூட்டையோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றபோது நான் எடுத்தது. கடலைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த தாய் என்று இங்கிலீஷில் கீழே எழுதியிருந்தது. அங்கே நன்றாக விற்கிறதாம். எல்லாரும் அந்தப் போத்தலைத்தான் கேட்கிறார்களாம். கம்பனி இரண்டு மடங்கு கேட்டிருக்கிறது.

இரண்டு மடங்கு கடல் போத்தலுக்குக் கடல் எங்கே போகும்? முதலாளி எட்டுப் பெண்களைப் புதிதாகப் பதிந்தார். முச்சக்கரவண்டிக்குப் பதிலாக ஒரு சின்ன லொறி வந்தது. திட்டக்காரர்கள் எல்லாருக்கும் செம்மஞ்சள் நிறச் சட்டை அனுப்பினார்கள். ரயில் பாதையைக் கடக்கும்போது இரு பக்கமும் பார்க்கவும் என்று மூன்று மொழியிலும் அச்சடித்த தாளும் கூடவே வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று அதில் இல்லை. கை காட்டும் வேலையை நான் ஜெயராணியிடம் விட்டுவிட்டேன். என் கை அதற்குமேல் எழும்பவில்லை.

போன சனிக்கிழமை ரதி வந்தாள். இப்போது மட்டக்குளியில் சித்தி வீட்டில் இருக்கிறாள். இன்னும் மெலிந்துவிட்டாள். நான் மூட்டைகளுக்காக மரைன் டிரைவில் காத்திருந்தேன், அங்கேயே தேடிக்கொண்டு வந்தாள்.

“ஆன்டி, புதன்கிழமை ஒரு ஹோட்டல்ல விழா வச்சிருக்காங்க. வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்களாம். அம்மா கடல்ல எப்படி போத்தல் பொறுக்குனாங்கன்னு நான் பேசணுமாம்.” கொஞ்சம் வெட்கப்பட்டாள். “நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல. அம்மா நின்ன எடத்த காட்டுறீங்களா?”

என்ன செய்வது? காட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்து, அவளுடைய கையைப் பிடித்துக் கடந்தேன். கற்களுக்குக் கீழே துண்டு மணல், அதில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதாவது தொலைத்தவளைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு தேங்காய் மட்டையைக் காலால் புரட்டினாள். வலைத் துண்டொன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். அந்த முனைவரை போய்த் திரும்பி வந்தாள்.

“ஒரு போத்தல்கூட இல்லயே ஆன்டி.”

“சில நாளில இப்பிடித்தான், பிள்ளை.”

“அன்னைக்கு இருந்திச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வீதியில் லொறி வந்து நின்றது. எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். செம்மஞ்சள் சட்டை, தலைக்கு ஒரு மூட்டை, வேலி இடைவெளியில் வரிசையாக வந்து நின்றார்கள். ஜெயராணி அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ரதி திரும்பினாள். நிறைந்த மூட்டைகளோடு கடலைப் பார்த்து நிற்கிற பெண்களைப் பார்த்தாள். பிறகு வெறும் மணலைப் பார்த்தாள். படிக்கிற பிள்ளை, அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. முகத்தில் இரத்தம் வற்றுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அம்மா எந்தப் பக்கம் இருந்து வந்தாங்க?” என்று கேட்டாள்.

நான்காவது ஆள். இந்தப் பிள்ளைக்காகத்தானே மற்ற மூன்று பேரிடமும் பொய் சொன்னேன். இவளிடமே எப்படிச் சொல்வது?

“வீதிப் பக்கம் இருந்து” என்றேன்.

“மூட்டையோட?”

“மூட்டையோட.”

“அப்ப ரயில யார் பாத்தது?”

“நான். நான்தான் கை காட்டினனான். ஒரு ரயிலைப் பாத்தனான், மற்றதைப் பாக்கேல்ல. கெதியா வா எண்டு கையை வீசினனான்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அசையாமல் நின்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

“புதன்கிழமை இத சொன்னா?” என்று கேட்டாள்.

“உன்ர படிப்பு நிண்டிடும். அவையின்ர வேலையும் போயிடும்.”

“சொல்லாட்டி?”

பதில் வேலி இடைவெளியில் எட்டு மூட்டைகளோடு நின்றது.

“துஷ்யந்தியக்கா! நேரம் போகுது!” என்று அந்தப் பக்கமிருந்து ஒருத்தி கத்தினாள். போனைப் பார்த்தேன். நாலு நாற்பத்தைந்து. கையைத் தூக்க முயன்றேன். தோளுக்கு மேல் வரவில்லை, கல்லைக் கட்டித் தொங்கவிட்டதைப் போல் கிடந்தது.

ரதி கற்களில் ஏறித் தண்டவாளத்தின் ஓரத்துக்குப் போனாள். “பிள்ளை, நில்!” என்று கத்தினேன். அவள் நின்றாள். கோட்டைக்குப் போகிற ரயில் வந்துகொண்டிருந்தது. அது அவளுடைய பாவாடையை அள்ளிப் பறக்கவிட்டுக்கொண்டு கடந்து போனது. கடைசிப் பெட்டியும் போயிற்று. அந்தப் பக்கம் முதல் பெண் ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். ரதி தலையை ஆட்டினாள். வேண்டாம்.

அவள் காத்திருந்தாள். போன ரயில் வளைவில் மறைந்து, அது மறைத்துக்கொண்டு போன இரண்டாவது தண்டவாளம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறுமையாகத் தெரியும்வரை காத்திருந்தாள். தெஹிவளைப் பக்கம் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பக்கம் பார்த்தாள். அவ்வளவு நேரம் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு கையைத் தூக்கினாள்.

“வாங்க” என்றாள்.

ஒவ்வொருத்தியாக மூட்டையோடு கடலுக்கு வந்தார்கள். எட்டுப் பேரும் கடந்து முடியும்வரை ரதி அந்தக் கையை இறக்கவில்லை.